அறிமுகம் செய்தவர்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். அத்தானுக்குப் போட்டால் எடுக்கிறார், ஒரு பெருமூச்சு கேட்கிறது, வைத்துவிடுகிறார். வேறு வழியில்லாமல்தான் காகிதத்தை எடுத்தேன். ஆபீசில் நான் எழுதுவதெல்லாம் 'பார்வைக்கு', 'ஒப்புதலுக்கு' என்று முடிகிற சமாசாரம். அந்த வாடை இதிலும் அடித்தால் பொறுத்துக்கொள்.

உன் கோபம் நியாயம்தான். பிப்ரவரி 20 காலை, நீ பணம் போட்டிருந்த நிதிக் கம்பெனியின் கதவில் முத்திரை வைத்தது நான் வேலை பார்க்கிற அலுவலகம். ஆனால் உன் ஊருக்கு வந்த குழுவில் நான் இல்லை. இங்கே தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் வங்கிக் கணக்குகளை வரி வரியாகப் பார்த்த ஆறு பேரில் ஒருவன். அதிக வட்டி தருகிறேன் என்று ஊரை ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு என்பது உனக்கும் தெரியும்.

இப்போது சண்டை போட நேரமில்லை அக்கா. உங்கள் ஊரில் புகார் வாங்கும் முகாம் திறந்திருக்கிறார்கள். அச்சடித்த படிவம் இருக்கிறது. எவ்வளவு போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், உங்களைச் சேர்த்துவிட்டது யார் என்று மூன்று பக்கம். ரசீதின் நகலை இணைக்க வேண்டும். மே 15 கடைசி நாள். புகார் கொடுக்காதவர்களுக்கு ஒரு பைசா வராது. நீ கொடுத்தாயா?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

திட்டியாவது எழுது என்றாய். அதற்கென்ன குறைச்சல், எழுதுகிறேன்.

முத்திரை வைத்தார்களாம், முத்திரை! பதினைந்து மாதம், ஐந்தாம் தேதி ஆனால் டாண் என்று பணம் வந்தது. நீங்கள் வந்தீர்கள், நின்றது. அப்படியென்றால் நிறுத்தியது யார்? படித்தவர்கள் கணக்கு எப்படியோ, இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு இதுதான். முகாமில் போய்ப் புகார் கொடுத்தால் கம்பெனி திரும்பத் திறக்கும்போது நம் பேரை அடித்துவிடுவார்கள் என்று அந்தக் கிளை மேனேஜர், எப்போதும் இளிப்பாரே, பல்செட், அவர் ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

என் வார்த்தையை நம்பிப் போட்டவர்கள் முப்பத்தொரு பேர். துவைக்கிற டிரம் ஓட்டுகிறவன், இஸ்திரி போடும் ஆவி உருளையில் விரிப்பு போடுகிற ஆறு பெண்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பெரியவர், அழுக்கு மூட்டை எண்ணுகிற இரண்டு பேர். இருபத்தேழு வருஷமாக இங்கே துணிக் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிற நான் எண்ணிச் சொன்னால் எண்ணிக்கை சரி என்று விடுகிறவர்கள். அதே பழக்கத்தில்தான் இதிலும் விட்டார்கள். இப்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

அது கிடக்கட்டும். பிப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டாய், இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அப்போது சொன்னேன்: "உங்க அத்தானோட ஓய்வுப் பணம் நாலு லட்சமும் பேங்குல தூங்குது, செவ்வாக்கிழமை கொண்டுபோய்ப் போடப்போறேன்டா." நீ தண்ணீர் குடித்தாய். "என்னக்கா அவசரம்?" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாய்.

உனக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், பேசியே பயணிகளைச் சிரிக்க வைக்கிற மனுஷன். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் காலி டம்ளரை மேஜையில் தட்டுகிறார். நான் கொண்டுபோய் வைக்கிறேன். இதுதான் எங்கள் குடும்பம்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும்.

பிப்ரவரி 9 மாலை எங்கள் மேலதிகாரி ஆறு பேரையும் கூப்பிட்டுத் தேதியைச் சொன்னார். பதினொரு நாள் நான் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் வீட்டில் சாப்பிட்டபோதும் இருந்தது. நீ செவ்வாய்க்கிழமை என்று சொன்னதும் வாய்வரைக்கும் வந்தது.

அக்கா, எங்கள் வேலையில் இது ஒன்றுதான் சட்டம். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் சோதனைக்குப் போனோம். எங்களில் ஒருவன் முந்தின நாள் தன் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். சித்தப்பா மச்சானிடம், மச்சான் கூட்டாளியிடம். நாங்கள் போனபோது மேஜையும் நாற்காலியும் மின்விசிறியும் இருந்தன. கம்ப்யூட்டர் இல்லை, கணக்கு இல்லை, முதலாளி எந்த நாட்டில் இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. நாலாயிரம் பேருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன்.

நீங்கள் வந்து நிறுத்தினீர்கள் என்கிறாய். நன்றாகக் கேள். உனக்கு ஐந்தாம் தேதி வந்ததே, அது லாபம் இல்லை. உனக்குப் பின்னால் சேர்ந்தவர் போட்ட முதல். அவருக்கு வந்தது அவருக்குப் பின்னால் வந்தவருடையது. மாவு மில் நடத்துகிறோம், அதில் வருகிற வருமானம் என்றார்களே, அந்த மில்லைப் போய்ப் பார்த்தோம். ஒரு தகரக் கொட்டகை, அதுவும் வாடகைக்கு. உள்ளே யாரோ பழைய சைக்கிள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் வராவிட்டால் இன்னும் இரண்டு மாதம் ஓடியிருக்கும், இன்னும் எண்ணூறு பேர் போட்டிருப்பார்கள். பல்செட் சொல்வதை நம்பாதே. அவரையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தொரு பேரையும் முகாமுக்கு அனுப்பு. கம்பெனியின் நிலத்தை முடக்கியிருக்கிறோம், விற்றால் நூற்றுக்கு இருபதாவது திரும்பும்.

இன்னொன்று. ஆள் சேர்த்துவிட்டவர்களுக்குக் கம்பெனி நூற்றுக்கு இரண்டு வீதம் தரகு கொடுத்திருக்கிறது. இருபது பேருக்கு மேல் சேர்த்தவர்களை முகவர்கள் என்று வழக்கில் சேர்க்கிறார்கள். அந்தப் பட்டியல் போன வாரம் எங்கள் அறைக்கு வந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்தை நான் புரட்டியிருக்கக் கூடாது. ஆனாலும் புரட்டினேன். உன் பேர் இல்லை அக்கா. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். சைக்கிள் அடுக்கியிருந்த கொட்டகையை மட்டும் எட்டு தரம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் ஏமாந்தது ஏமாந்ததுதான் என்று மண்டையில் ஏறிவிட்டது. எல்லோரையும் முகாமுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

என் பேர் ஏன் பட்டியலில் இல்லை என்று சொல்கிறேன், கேள். கூட வேலை பார்க்கிறவர்களிடம் தரகு வாங்கித் தின்கிற ஆளா உன் அக்கா? பல்செட் முதல் நாளே படிவத்தை நீட்டி, "அறிமுகம் செய்தவர்ங்கற எடத்துல கையெழுத்து போடுங்கம்மா, உங்களுக்கும் ரெண்டு காசு வரும்" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். "அப்ப யாருக்காவது வரட்டுமே, எதுக்கு விடணும்?" என்றார். எனக்கு ஊசியின் ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாதவள். கிழிந்த விரிப்புகளைத் தைப்பதற்கு என்று எங்கள் கூடத்தில் நாள் கூலிக்கு ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லை. மகளை நர்சிங் படிப்பில் சேர்த்துவிட்டு இரண்டாம் தவணை கட்ட முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். சரி, புண்ணியமாகப் போகட்டும் என்று அறிமுகம் செய்தவர் அவள் என்று எழுதச் சொன்னேன். சாயங்காலத்தில் படிவங்களை அடுக்காகக் கொண்டுபோவேன். "இங்க போடு, இங்க போடு" என்று விரலை வைப்பேன். அவளுக்குத் தன் பேரை மட்டும்தான் எழுதத் தெரியும். தையல் மாதிரி பொடிப் பொடியாகக் கோணாமல் போடுவாள். முப்பத்தொரு படிவத்திலும் போட்டாள். காசு வந்ததும் காலைத் தொட வந்தாள், நான் விடவில்லை. உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பெருமை.

நேற்று மத்தியானம் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் சலவைக்கூடத்துக்கு வந்தார்கள். அவள் பேரைக் கேட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த விரிப்பு மெஷினிலேயே தொங்க, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன்.

நீ அங்கேதானே இருக்கிறாய். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவி என்று உங்கள் மேலதிகாரியிடம் சொல்லு. உடனே சொல்லு.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன்.

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். நீ யாரிடமும் எதுவும் பேசாதே. ஊசிக்கு ஒன்றும் தெரியாது என்று நான் போய்ச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அக்கா சொன்னாள் என்பேன். அக்காவுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். இரண்டே கேள்வியில் உன் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் பார்ப்பது கையெழுத்து யாருடையது, பணம் யார் கணக்குக்குப் போனது என்ற இரண்டைத்தான். இரண்டிலும் அவள் பேர் இருக்கிறது. நீ போய் உண்மையைச் சொன்னால் அவள் தப்பிக்கிறாளோ இல்லையோ, நீ மாட்டுவது நிச்சயம். முப்பத்தொரு பேரைச் சேர்த்ததுமில்லாமல், அதை இன்னொருத்தி பேரில் மறைத்தாய் என்று ஒரு படி கூடவே எழுதுவார்கள். நீ மறைக்கவில்லை, தானம் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தானம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

உனக்கு வேலை முடிய இரண்டரை வருடம்தான் பாக்கி. கைதானால் சஸ்பெண்ட். ஓய்வூதியம் தொங்கும். அத்தானின் பணம் போயிற்று, உன்னுடையதும் போனால் இருவரும் என்ன சாப்பிடுவீர்கள்?

அவள் ஏழை. நாள் கூலி. நீதிபதி பார்த்தாலே தெரியும். ஐந்தாறு வாரத்தில் ஜாமீன் கிடைத்துவிடும். வக்கீல் செலவை நான் தருகிறேன், யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுக்க வழி இருக்கிறது. மகளின் தவணையையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு உபதேசம் செய்கிற தம்பி இப்படி எழுதுகிறானே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்கு இருப்பது ஒரு அக்கா.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. துணி அலமாரியில் இருக்கிறது.

ஒரு வாரம் நீ சொன்னபடியே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

ஊசியின் கணக்குக்குத் தரகுப் பணம் போனது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "நம்ம தலையில கைய வச்சு இவ மகள படிக்க வச்சிருக்கா பாரு!" என்று ஆவி உருளைப் பெண்கள் கத்தினார்கள். டிரம் ஓட்டுகிறவன் அவளுடைய தையல் மெஷினைத் தூக்கி வெளியே மழையில் வைத்தான். என்னை என்ன செய்தார்கள் தெரியுமா? எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். "உங்களையும் ஏமாத்திட்டாளே அக்கா, நல்ல மனசுக்காரங்களத்தான் இப்படி வச்சு செய்வாளுங்க" என்று ஸ்ட்ரெச்சர் பெரியவர் கண் கலங்கினார். மனுஷன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டவர். அந்த டீயை நான் குடித்தேன்டா. சூடாக இருந்தது, முழுவதும் குடித்தேன்.

அப்புறம் புகார். அவர்களில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று எல்லோரும் என்னிடமே வந்தார்கள். மடித்த விரிப்புகள் வைக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். 'உங்களை அறிமுகம் செய்தவர் யார்?' ஊசியின் பேர். 'அவர் என்ன வாக்குறுதி கொடுத்தார்?' நான் கொடுத்த வாக்குறுதியை எல்லாம் அவள் கொடுத்ததாக எழுதினேன். அவளுக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லக்கூட வராது. பதினேழு பேருக்கு என் கையால் எழுதினேன். பதினெட்டாவது ஆளிடம் தலைவலி என்று எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அவள் கத்தவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "யாரு சேர்த்துவிடச் சொன்னதுன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்கக்கா. காட்டின எடத்துல போட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். யாரு காட்டினதுன்னு சொல்லல. நீங்க பயப்படாதீங்க" என்றாள்.

என்னைப் பயப்படாதே என்கிறாள், அவள்! மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். மோசடிப் பணத்தில் கட்டிய தவணை என்று உங்கள் ஆட்கள் காலேஜிடம் திருப்பிக் கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் அழுதாள்.

உங்கள் ஆட்களிடம் உண்மையைச் சொல்லப் போகப்போகிறேன். திங்கட்கிழமை இந்த மாதச் சம்பளப் பட்டியலை ஒப்படைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை போவேன். உன்னைக் கேட்கவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

போகாதே. இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பி இருக்க முடியாது.

நீ போனால் உன் குடும்பத்தில் யார் யார், எங்கே வேலை என்று கேட்பார்கள். என் பேர் வரும். வழக்குத் தொடங்கும்போது எங்கள் ஆறு பேரிடமும் எழுதி வாங்கினார்கள்: சொந்தக்காரர்கள் யாராவது இந்தக் கம்பெனியில் பணம் போட்டிருக்கிறார்களா? நான் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ போட்டிருப்பது தெரிந்தே எழுதினேன். இந்த வழக்கிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயம்.

அதோடு முடியவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமலே செத்துப்போய்விடலாம் என்று இருந்தேன்.

என் மாமியாரும் போட்டிருந்தார். மூன்று லட்சம், இங்குள்ள கிளையில். நீ என் வீட்டுக்கு வந்தபோது ஐந்தாம் தேதி பெருமையைச் சொன்னாயே, அதைக் கேட்டுப் போட்டார். பிப்ரவரி 15 இரவு நான் சாப்பிடவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஆபீஸ்ல ஏதாவதா?" என்றாள். "உங்கம்மாவ எடுத்துடச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. 17ஆம் தேதி அவர் எடுத்துவிட்டார். கடைசி நாட்களில் பணம் எடுத்தவர்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது. மாமியார் பேர் இருக்கிற பக்கத்தை நான் கேட்டு வாங்கி என் மேஜையில் வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரைதான் அது வெளியே வராது.

மனைவியிடம் சொன்னவன் அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவளிடம் சொன்னால் அவள் அம்மாவோடு நின்றுவிடும் என்று தெரியும். உன்னிடம் சொன்னால் பொழுது விடிவதற்குள் முப்பத்தொரு பேரிடமும் சொல்லிவிடுவாய். ஒருத்தரை விட்டுவிட்டுக்கூட உன்னால் தப்பிக்க முடியாது. எனக்கு உன்னைத் தெரியும் அக்கா. அதனால்தான் சொல்லவில்லை.

என் பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. காலில் விழுகிறேன் என்று எழுதுவது சுலபம், எழுதிவிட்டேன். போகாதே.

தம்பி


மே 9

தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவரை உட்காரவைத்துவிட்டு, நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுப் போனேன்.

மூன்று லட்சம் 17ஆம் தேதி. நாங்கள் நாலு லட்சம் போட்டது 16ஆம் தேதி. முந்தினவருக்குப் பின்னவர் பணம் என்று நீதானே விளக்கமாக எழுதினாய். ஆக உன் அத்தான் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிச் சேர்த்ததை எடுத்துத்தான் உன் மாமியாரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் அம்மா சொல்வாள். அக்கா தம்பிக்கு மட்டும் என்ன!

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்தாயே, உன்னிடம் சொன்னால் முப்பத்தொரு பேரிடமும் சொல்வாய் என்று. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிற ஒருவன் உலகத்தில் இருக்கிறான், அவனும் இதைத்தான் செய்தான்.

வாக்குமூலம் கொடுத்தேன். நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா, விசாரணை அதிகாரி, சின்ன வயசுதான், நடுவில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். ஒரு தம்பி என்றேன். என்ன வேலை என்றாள். கணக்கு வேலை என்றேன். பொய் இல்லை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்றைக்காவது கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நீயே போய் அந்தப் பக்கத்தை மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் உனக்கு நல்லது. அக்காவாக இதைத்தான் சொல்ல முடியும்.

ஊசியை வியாழக்கிழமை ஜாமீனில் விட்டார்கள். வழக்கிலிருந்து பேரை எடுக்க மாதக்கணக்கில் ஆகுமாம். சலவைக்கூடத்தில் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. மெஷின் மழையில் துருப்பிடித்துவிட்டது. மகள் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஊசியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அது அவள் உரிமை. என்னைக் கைது செய்ய மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறார்கள். சஸ்பெண்ட் உத்தரவு வந்துவிட்டது.

முகாமில் இன்னொன்று சொன்னார்கள். ஊசியின் பேர் போட்ட புகார் எல்லாம் செல்லாது, அறிமுகம் செய்தவர் பேரை மாற்றி மே 15க்குள் புதிதாக எழுதித் தர வேண்டும் என்று. நேற்று எல்லோரும் கூடத்துக்குப் பின்னால் கூடினார்கள். முகாமில் எழுதிக் கொடுக்கிறவன் ஆளுக்கு முந்நூறு கேட்கிறானாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே பேனாவை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் யாரும் கிட்ட வரவில்லை. அப்புறம் ஸ்ட்ரெச்சர் பெரியவர் வந்து படிவத்தை என் மடியில் போட்டார். "எழுது" என்றார். இதுவரைக்கும் அவர் என்னை ஒருமையில் பேசினதில்லை.

எல்லாம் எழுதினேன். அறிமுகம் செய்தவர், என் பேர். இன்னார் என்னிடம் ஆசை வார்த்தை கூறி, நம்ப வைத்து, ஏமாற்றினார். முப்பத்தொரு தரம். ஆவி உருளைப் பெண்களில் ஒருத்தி, "துரோகின்னு எழுது" என்றாள். அப்படியே எழுதினேன். இருட்டும் நேரம் ஆகிவிட்டது, விரல் மடங்கவில்லை. எழுந்தேன்.

வரிசைக் கடைசியில் உன் அத்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் படிவம். எப்போது வந்தாரோ! நாலு லட்சமும் அவர் பேரில்தானே இருக்கிறது, அவர் புகார் கொடுத்தால்தான் அந்த நூற்றுக்கு இருபதாவது கிடைக்கும். நான் திரும்ப உட்கார்ந்தேன். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். எழுபத்தேழு நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசினார்.

"என்ன எழுதணும்?" என்றார்.

"அறிமுகம் செஞ்சவர் யாருன்னு கேக்குது. உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குது" என்றேன்.

"சம்சாரம்னு எழுது" என்றார். எழுதினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா